சத்தமில்லாத விசிறி

அட்டைப்பெட்டியைத் திறந்தால் முதலில் வாசனை.
புது பிளாஸ்டிக், கொஞ்சம் ரப்பர்,
எங்கோ குளிரூட்டிய கிடங்கில் கிடந்த காற்று.
ரிச்சி தெருவிலிருந்து ஸ்கூட்டரில்
கால் நடுவே வைத்துக் கொண்டுவந்தான் இம்தியாஸ்.
"கம்பெனி கொடுத்தது அக்கா. நாலு நாள்தான்.
கீறல் விழாம திருப்பித் தரணும்."

நூற்றிருபது மில்லிமீட்டர் விசிறி.
மூடியில் வெள்ளி எழுத்து:
பதினெட்டு டெசிபல்.
உதிரும் இலையின் சத்தமாம்.
பக்கத்திலேயே சின்னதாக ஓர் இலை.

சிந்தாதிரிப்பேட்டையில்
இலை உதிர்ந்து நான் கேட்டதில்லை.

என் சோதனை மேசை
ஒரு பழைய தையல் மெஷினின் மேற்பலகை.
அதன்மேல் சட்டை போடாத மதர்போர்டு,
இரண்டு ராம் குச்சிகள்,
பிராசசர் தலையில் பட்டாணியளவு பசை.
கூரை ஃபேன் ஓடினால் அளவு பொய்யாகும்,
நிறுத்தினேன்.
அரைமணியில் பிராசசர் எழுபத்தொன்பது டிகிரி.
நான் அதற்குச் சற்றுக் கீழே.
"அறை வெப்பம் இருபத்திரண்டு எனக் கொள்க"
என்கிறது கையேடு.
மே மாதத்தில்
எதைக் கொள்வது, எங்கே போய்க் கொள்வது.
முப்பத்தைந்து என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

வெப்பமாவது கணக்குக்கு அடங்கும்.
சத்தம்தான் அடங்கவில்லை.

இரவல் வாங்கிய மீட்டரை ஒரு அடி தள்ளி வைத்தேன்.
பதினோரு மணிக்கு ஐம்பத்திரண்டு:
ஆட்டோ, யாரோ அரைக்கும் மாவு,
சீரியலில் அழுகிற ஒருத்தி.
ஒரு மணிக்கு நாற்பத்தொன்று,
கூவம் பக்கத்து நாய்கள்.
இரண்டு மணிக்கு முப்பத்தாறு வரை இறங்கி
திடீரென ஐம்பத்தெட்டு.
எதிர் ஜன்னல் தேசப்பன் இருமினார்.
அவர் மூன்று மூன்றாக இருமுவார்.
மூன்றாவதுக்குப் பிறகு
ஏழு நிமிடம் கிடைக்கும் எனக்கு.

மூன்று மணி. முப்பத்தொன்று.
அதற்குக் கீழே இந்தத் தெரு போகாது.
விசிறியைப் போட்டேன்: முப்பத்தொன்று.
நிறுத்தினேன்: முப்பத்தொன்று.
மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

ஆனால் காதை ஒட்டி வைத்தால்
மெதுவான சுற்றில் ஒரு 'டிக்'.
மீட்டருக்கு அது தெரியவில்லை.
இருக்கிறதா, என் காதில் இருக்கிறதா?
பெங்களூரிலிருந்து ஜெயதீப் போன் செய்தான்:
"எழுதிட்டீங்களா மேடம்?
அந்த இலை மேட்டர் மட்டும் விட்டுடாதீங்க."

நாலாம் இரவு, இரண்டே முக்கால்.
கரண்ட் போனது.

ஃபிரிட்ஜ் நின்றது.
ஃபிரிட்ஜ் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தது
நின்ற பிறகே தெரிந்தது.
தெருவிளக்கின் ரீங்காரம் நின்றது.
பேட்டரியில் மீட்டர் மட்டும் விழித்திருக்க
அதில் இருபத்துநாலு.
ஆறு வருடத்தில் இந்த வீட்டில் பார்க்காத எண்.
இப்போது அளக்கலாம், அப்படி ஒரு நிசப்தம்.
ஓட்டத்தான் மின்சாரம் இல்லை.

இருட்டில் விசிறியைத் தடவி எடுத்தேன்.
உதட்டருகே பிடித்து
ஊதினேன்.
ஒன்பது இதழும் சோம்பலாய்த் திரும்பின.
டிக்.
இன்னொரு முறை, நீளமாக.
டிக். டிக்.
இருக்கிறது.
தலை சுற்றும்வரை ஊதினேன்.
வியர்த்த முகத்தில்
என் மூச்சே திரும்பி வந்து பட்டது.

கரண்ட் வந்தபோது நாலேகால்.
பறக்கும் ரயிலின் முதல் வண்டியும்
கூடவே வந்துவிட்டது.

சத்தம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
"முப்பத்தொன்றுக்குள் அடக்கம்.
கரண்ட் இல்லாதபோது ஒரு டிக் கேட்கிறது."
படித்துவிட்டு இம்தியாஸ்
என்னையே பார்த்தான்.
"கரண்ட் இல்லன்னா ஃபேன் எப்படிக்கா ஓடும்?"
பெட்டியை ஒட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

கீழே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற
தேசப்பன்
முதன்முறையாக என்னிடம் பேசினார்:
"ராத்திரி கரண்ட் போனப்ப
எதையோ ஊதிக்கிட்டே இருந்தீங்களே,
ரொம்பச் சூடா?"